டைனமோ போச்சு என்று யாராவது சொன்னால்...

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும், அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன கார் ஷெட்டில் தூசி படிந்து நிற்பவர்களுக்கும் நிச்சயம் பயன்படும். கார் இல்லாதவர்கள் பிளஸ் டூ இயற்பியல் பாடமாக வைத்துக்கொள்ளலாம். முப்பத்திரண்டு வருடம் மின்காந்தத் தூண்டல் நடத்திய வாய். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பழைய கார்க்காரர்கள் நான்கு பேர் கூடினால் அதில் ஒருவராவது சொல்லும் புகார், "பேட்டரி நிக்க மாட்டேங்குது சார்." இதற்கு நம் ஊரில் வரிசையாக மூன்று வைத்தியம் உண்டு. முதலில் புது பேட்டரி. அதில் தீரவில்லை என்றால் டைனமோவுக்கு ரீவைண்டிங். அப்படியும் தீரவில்லை என்றால் டைனமோவைக் கழற்றி வீசிவிட்டு ஆல்டர்னேட்டர். ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் பணம். ஆனால் மீட்டர் வைத்து, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் என்று பார்ப்பவர் குறைவு. அதற்கு வேண்டிய மல்டிமீட்டர் முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியை ஒருவரின் வண்டி. பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. டீச்சர் என்றே எழுதுகிறேன். தாம்பரத்தில் வீடு. கணவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. அவர் ஆசையாக வைத்திருந்தது 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

ஹெரால்டைப் பார்க்காத பிள்ளைகளுக்காக இரண்டு வரி. இது நம்ம சென்னைக் கார். பிரிட்டனில் ட்ரையம்ப் ஹெரால்டு என்று 1959இல் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிச்செலோட்டி. 1961 முதல் இங்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் செய்தார்கள். அங்கே சலூனுக்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டுக்கென்றே வந்தது. பானட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்க்கலாம். என் முதுகுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது.

டீச்சருக்கு 69 வயது. இந்த வண்டியை அவரே ஓட்டுவார். பேங்க், மார்க்கெட், அக்கா வீடு எல்லாம் அதில்தான். இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி பார்த்துவிட்டார். ஒன்றைக் கடைக்காரர் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார், மற்ற இரண்டும் பென்ஷன் காசு. போன ஐப்பசி மழையில் ராத்திரி எட்டு மணிக்கு, ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் ஹெட்லைட் மஞ்சளாகி, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று, எஞ்சினும் அணைந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடிக்கிற பஸ். இரண்டு ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து வண்டியை ஓரம் தள்ளி, டீச்சரை வீட்டிலும் கொண்டுபோய் விட்டார்கள். நன்றாக இருக்கட்டும்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். என் மாணவன்தான். அன்று ராத்திரியே போனில், "போதும்மா, குடுத்துடலாம்" என்றான். அவன் பயம் நியாயமானது. அந்த இடத்தில் என் அம்மா நின்றிருந்தாலும் நான் அதையே சொல்லியிருப்பேன். காயலான் கடைக்காரர் வந்து பார்த்து எடைக்கு விலை பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவருகிறேன் என்று போயிருந்தார். டீச்சர் எனக்குப் போன் செய்தது புதன்கிழமை.

"சார், விக்கக்கூடாதுன்னு நான் சொல்லல. குடுக்கிறதுன்னா ஓடுற வண்டியாக் குடுக்கணும். அவர் வச்சிருந்த மாதிரி. செத்துப்போன வண்டின்னு எடைக்குப் போடுறதுக்கு மனசு வரல. என்ன வியாதின்னாவது தெரிஞ்சுக்கலாமா?"

கடைசியாகப் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் சொன்ன வியாதி, "டைனமோ போச்சும்மா. ஆல்டர்னேட்டர் போட்டாத்தான்." அவர் சொன்ன தொகை டீச்சரின் ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல். ஆதாரமாக அவர் காட்டியது டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கை. பகலில் எரிவதில்லை. ராத்திரி ஹெட்லைட் போட்டால் மட்டும் லேசாக, அணைந்த கங்கு மாதிரி மினுங்குகிறது. "சார்ஜ் பத்தலன்னு லைட்டே சொல்லுது பாருங்க" என்றாராம்.

இங்கேதான் வாத்தியார் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சிவப்பு விளக்கின் ஒரு முனை இக்னிஷன் சுவிட்ச் வழியாகப் பேட்டரிக்குப் போகிறது. இன்னொரு முனை டைனமோவின் பெரிய முனைக்கு, அதாவது டி என்று குறித்திருக்கும் முனைக்குப் போகிறது. சாவியைத் திருப்பியதும் பேட்டரிப் பக்கம் 12 வோல்ட். டைனமோ சுற்றவில்லை, அந்தப் பக்கம் பூஜ்யம். நடுவில் இருக்கும் பல்பு எரிகிறது. எஞ்சின் ஓடி டைனமோ மின்னழுத்தம் ஏறி, இரண்டு பக்கமும் சமமானதும் பல்பு அணைகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு தொட்டியை ஒரு குழாயில் இணைத்து, நடுவில் ஒரு சின்னக் காற்றாடி வைத்த மாதிரி. மட்டம் சமமானால் காற்றாடி நிற்கும். எந்தத் தொட்டியில் அதிகம் என்று காற்றாடிக்குத் தெரியாது.

பல்பு இழையில் மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் எரியும். எனவே ஓடும்போது விளக்கு மினுங்கினால் இரண்டு காரணம் இருக்கலாம். டைனமோ பேட்டரியைவிடக் குறைவாகத் தருகிறது, அல்லது டைனமோ பேட்டரியைவிட *அதிகமாக* வைத்திருக்கிறது, ஆனால் அது பேட்டரிக்கு வந்து சேரவில்லை. முதலாவது என்றால் டைனமோ வியாதி. இரண்டாவது என்றால் வழியில் அடைப்பு. விளக்கைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல யாராலும் முடியாது, எலக்ட்ரீஷியனாலும் சரி, இயற்பியல் வாத்தியாராலும் சரி.

இதைப் போலவே, விளக்கு சுத்தமாக அணைந்துவிட்டால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம் இல்லை. ஓட்டத்தில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தாலும் அணைந்துதான் இருக்கும். சாவி போட்டதும் எரிகிறதா என்று தினமும் ஒரு கண் பாருங்கள்.

வியாழக்கிழமை காலை மீட்டரோடு போனேன். வேட்டியை மாற்றி பேன்ட் போட்டுக்கொண்டுதான் போனேன். ஓடும் ஃபேன் பக்கத்தில் வேட்டி, துண்டு, முந்தானை எதுவும் கூடாது. டீச்சரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

முதலில் பேட்டரி, எஞ்சின் போடாமல். ராத்திரி முழுக்க நின்ற வண்டி. 12.1 வோல்ட். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி இப்படி ஓய்வாக இருக்கும்போது 12.6க்கு மேல் காட்டும். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். பாதி வயிற்றோடு மாதக்கணக்கில் கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் வாங்காது. டீச்சர் வீட்டு மூன்று பேட்டரிக்கும் அந்தக் கதிதான் என்று அப்போதே தோன்றியது. நல்ல பேட்டரிகளைப் பட்டினி போட்டே கொன்றிருக்கிறது இந்த வண்டி.

ராத்திரியில் எங்காவது கசிகிறதா என்பது அடுத்த கேள்வி. எர்த் கேபிளைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் கோத்தேன். (இந்த நிலையில் தப்பித்தவறியும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.) இந்தக் கால வண்டிகளில் கம்ப்யூட்டரும் அலாரமும் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். ஹெரால்டில் அப்படி எதுவும் இல்லை, பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யம்தான் காட்டியது. திருடன் ராத்திரி வரவில்லை.

ஃபேன் பெல்ட். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரையிலிருந்து முக்கால் அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் லோடு ஏறும்போது வழுக்கும். உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் மாற்றுங்கள். டீச்சர் வண்டியில் பெல்ட் சரியாக இருந்தது.

எஞ்சினைப் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்து, பேட்டரி முனையில் பார்த்தோம். 12.9. ஆரோக்கியமான வண்டியில் அது பதினாலைத் தொட வேண்டும். ஹெட்லைட் போட்டதும் 12.0க்கு இறங்கியது. அதாவது விளக்கு எரியும்போது பேட்டரி வாங்கவில்லை, கொடுத்துக்கொண்டிருக்கிறது.

"அப்போ அந்தத் தம்பி சொன்னது சரிதானா சார்?" என்றார் டீச்சர். முகம் வாடிவிட்டது.

"டைனமோவையே கேட்டுருவோம் டீச்சர்" என்றேன்.

டைனமோவைத் தனியாகச் சோதிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்தி, அதன் டி, எஃப் இரண்டு முனையிலிருந்தும் ஒயரைக் கழற்றுங்கள். இரண்டு முனையையும் ஒரு சின்ன ஒயரால் ஒன்றோடொன்று இணையுங்கள். மீட்டரின் ஒரு முனை அந்த இணைப்பில், இன்னொன்று டைனமோவின் உடம்பில். எஞ்சினைப் போட்டு மெதுவாக வேகம் ஏற்றுங்கள். வோல்ட் தடையில்லாமல் ஏற வேண்டும். 20ஐத் தாண்ட விடாதீர்கள், ரேஸும் அதிகம் வேண்டாம், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று போதும். இதற்கு முள் ஆடும் பழைய மீட்டர்தான் நல்லது. கார்பன் பிரஷ் தீப்பொறிக்கு டிஜிட்டல் மீட்டர் பைத்தியம் பிடித்த மாதிரி எண் காட்டும்.

ஒன்றுமே ஏறவில்லை என்றால் முதலில் கார்பனைப் பாருங்கள். தேய்ந்து கால் அங்குலத்துக்கு வந்திருக்கும், அல்லது கூட்டில் சிக்கியிருக்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட்டோடு நின்றுவிட்டால் ஃபீல்டு காயிலைச் சந்தேகப்படுங்கள். அந்த ஒரு வோல்ட் எங்கிருந்து வருகிறது தெரியுமா? காயிலில் மின்சாரமே இல்லாதபோதும் இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் எச்சக் காந்தத்திலிருந்து. அந்தத் துளிக் காந்தத்தில் ஆர்மேச்சர் சுற்றித் துளி மின்சாரம் வந்து, அது காயிலுக்குப் போய்க் காந்தத்தைப் பெருக்கி, மறுபடி மின்சாரம் பெருகி... இப்படித் தன்னைத்தானே தூக்கிக்கொள்ளும் யந்திரம் அது. 1831இல் ஃபாரடே தூண்டலைக் கண்டுபிடித்த பிறகு இந்தத் தந்திரம் பிடிபட முப்பத்தைந்து வருடம் ஆயிற்று. வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சு கூட நிமிர்ந்து உட்காரும். நான்கைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் சுற்று கெட்டிருக்கலாம்.

டீச்சர் வண்டி டைனமோ ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதினைந்து என்று ஏறியது. நான் போதும் என்று கையைக் காட்டினேன். டீச்சர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, "இதுவா போச்சுன்னாங்க?" என்றார்.

நல்ல டைனமோ. கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான்.

டைனமோவில் இருக்கிறது, பேட்டரியில் இல்லை. நடுவில் இருப்பது கன்ட்ரோல் பாக்ஸ். ஹெரால்டில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் கறுப்பு மூடியோடு இருக்கும். அம்பாசிடர், ஃபியட் என்று டைனமோ போட்ட எல்லா வண்டியிலும் இதற்கு ஒரு அண்ணன் தம்பி உண்டு. உள்ளே இரண்டு காந்தச் சுருள். ஒன்று ரெகுலேட்டர், டைனமோ வோல்ட்டை எல்லை மீறாமல் பிடிக்கும். மற்றது கட் அவுட். டைனமோ 13 வோல்ட்டை ஒட்டி வந்ததும் இது ஒட்டிக்கொண்டு பேட்டரிக்கு வழி விடும். எஞ்சின் நின்றால் விலகிக்கொள்ளும். விலகாவிட்டால் பேட்டரி மின்சாரம் திரும்பி ஓடி டைனமோவை மோட்டாராகச் சுற்றப் பார்க்கும். வீட்டு வாசலில் காவலுக்கு நிற்கிற ஆள் மாதிரி.

ஒயர்களை மறுபடி மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பாக்ஸின் டி முனையில் வைத்தேன். 14.6. பேட்டரிக்குப் போகும் ஏ முனையில் வைத்தேன். 12.2. இரண்டு முனைக்கும் நடுவில் மூன்று விரல் அகலம்கூட இல்லை. அதற்குள் 2.4 வோல்ட் காணாமல் போகிறது.

பகல் வெளிச்சத்தில் சிவப்பு விளக்கு தெரியாது என்று டேஷ்போர்டு மேல் குடையை விரித்துக் கவிழ்த்துப் பார்த்தோம். மினுங்கியது. "டீச்சர், இது சார்ஜ் பத்தலன்னு எரியல. டைனமோ பக்கம் அதிகமா இருக்குன்னு எரியுது" என்றேன். அவர் குடைக்குள் தலையை விட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியைக் கழற்றினால் உள்ளே கட் அவுட் தொடுமுனைகள் கரிந்து குழி விழுந்திருந்தன. மூடியின் உள்பக்கம் பழுப்பேறி விரிசல் விட்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.4 வோல்ட் அங்கே விழுகிறது, 8 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 19 வாட். மிளகு அளவு தொடுமுனையில் ஒரு சின்ன சாலிடரிங் அயர்னின் சூடு. மூடி கருகாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் புரிந்தது. இந்த வகைப் பாக்ஸில் ரெகுலேட்டர் வோல்ட்டைப் பார்ப்பது கட் அவுட்டுக்கு முன்னால், டைனமோ பக்கத்தில். அது தன் பக்கம் 14.6 இருப்பதைப் பார்த்து, எல்லாம் சரி என்று டைனமோவை அதற்கு மேல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பேட்டரி பட்டினி கிடப்பது அதற்குத் தெரியாது.

வைத்தியம் ஐந்து நிமிட வேலை. ஆனால் முதலில் பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள், ஏ முனையில் எப்போதும் மின்சாரம் இருக்கும். மிக மெல்லிய உப்புத்தாளை நாடா மாதிரி கிழித்து, தொடுமுனைகளுக்கு நடுவில் கொடுத்து, லேசாக அழுத்தி நான்கைந்து முறை இழுங்கள். கட் அவுட்டுக்கு எமரி வேண்டாம், அதன் துகள் பதிந்துவிடும். பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். அங்கே இருக்கும் திருகுகளையும் வளைந்த தகடுகளையும் திருத்தப் போகாதீர்கள். அளவு மாறினால் டைனமோ, பேட்டரி இரண்டையும் கொதிக்க வைத்துவிடும். பேட்டரி இணைத்திருக்கும்போது கட் அவுட்டைக் கையால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதுவும் கூடாது. எல்லா முனைகளின் திருகையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கினேன்.

எர்த்தையும் விடவில்லை. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் தனியாக ஒரு எர்த் பட்டை உண்டு. அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ மின்சாரம் வேறு வழி தேடும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுட்டால் சந்தேகமே வேண்டாம், எர்த்தைப் பாருங்கள். டைனமோ உடம்புக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் நடுவில் ஓட்டத்தில் 0.1 வோல்ட்தான் இருந்தது. சரி.

மறுபடி ஓட்டினோம். டி முனையில் 14.3, ஏ முனையில் 14.1. ஹெட்லைட் போட்டால் பேட்டரியில் 13.6. குடை மறுபடி விரிந்தது. உள்ளே இருட்டு. டீச்சர் நோட்டில் இந்த எண்களுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். செலவு, ஒரு உப்புத்தாள், ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர்.

அந்த எலக்ட்ரீஷியன் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வயது இருக்கும். அவன் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் கட் அவுட் வைத்த வண்டி பட்டறைக்கு வந்திருக்காது. சாயங்காலம் போய்ச் சொன்னேன். வண்டியைப் பார்க்கணும் சார் என்று வந்து, மூடியைத் திறந்து போட்டோ எடுத்துக்கொண்டு, எந்த முனை எது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனான்.

அவன் சொன்னபடி ஆல்டர்னேட்டர் போட்டிருந்தால் வண்டி சரியாகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆல்டர்னேட்டர் போடும்போது அந்தப் பாக்ஸை விலக்கிவிட்டு ஒயரை நேரே இணைத்துவிடுவார்கள். கரிந்த தொடுமுனையும் அதோடு போயிருக்கும். டைனமோதான் கெட்டது என்று எல்லோரும் நம்பியிருப்போம், நல்ல டைனமோ ஒன்று புதுப்பேட்டைக்குப் போயிருக்கும்.

ஆல்டர்னேட்டரே வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். 1960இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் அதைப் போட்டது சும்மா இல்லை. சிலிக்கான் டயோடு மலிவானதும் உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது. டைனமோ ஐடிலிங்கில் ஒன்றும் கொடுக்காது. ஆல்டர்னேட்டர் சிக்னலில் நிற்கும்போதும் கொடுக்கும். அந்தக் கால லூகாஸ் சி40 டைனமோவின் உச்சம் 22 ஆம்பியர், 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 34 கொடுக்கும். தினமும் ராத்திரி நகர நெரிசலில் ஓட்டுபவர், பெரிய ஹாலஜன் விளக்கு போட்டவர் தாராளமாக மாற்றலாம். ஆனால் மாற்றிய பிறகு இரண்டு விஷயம். பேட்டரி கேபிளைத் தலைகீழாக மாட்டினால் டயோடுகள் அந்த நொடியே போகும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி "சார்ஜ் ஆகுதா பாரு" என்று காட்டும் வித்தையை எந்த மெக்கானிக் செய்தாலும் தடுத்துவிடுங்கள். டைனமோ வண்டியிலும் அது நல்லதில்லை.

டீச்சர் பயணம் சின்னச் சின்னது, பெரும்பாலும் பகலில். இரண்டு 45 வாட் ஹெட்லைட்டுக்கு ஏழரை ஆம்பியர். சின்ன விளக்குகள், இக்னிஷன் காயில், வைப்பர் எல்லாம் சேர்த்தாலும் பதினைந்து பதினாறுதான். 22க்குள் அடங்கிவிடுகிறது. நீண்ட சிக்னலில் ஹெட்லைட்டை அணைத்துச் சின்ன விளக்கு மட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மகனுக்கு எண்கள் மட்டும் போதாது, நியாயம்தானே. பேட்டரியை இரண்டு ராத்திரி குறைந்த ஆம்பியரில் சார்ஜ் போட்டோம். சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு டீச்சர் ஓட்ட, நான் பக்கத்தில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை போய் வந்தோம். ஹெட்லைட், வைப்பர் இரண்டும் போட்டபடி. மழை இல்லை. வறண்ட கண்ணாடியில் வைப்பர் கீச்சிடுவதைப் பார்த்து பக்கத்து பைக்காரர் சிரித்தார். ஓட்டத்தில் 13.5க்குக் கீழே இறங்கவில்லை. சிக்னலில் நின்றால் 12.3, கிளம்பியதும் மறுபடி ஏறும். வீட்டு வாசலில் வண்டியை அணைத்துவிட்டு டீச்சர் உடனே செல்ஃப் அடித்துப் பார்த்தார். ஒரே திருப்பில் எடுத்தது. அதை வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பினோம்.

"ராத்திரி தனியா ஓட்ட வேணாம்னு மட்டும் சொல்லுங்க சார்" என்று எழுதியிருந்தான். சொன்னேன். டீச்சர் தலையை ஆட்டினார், கேட்பாரா தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காயலான் கடைக்காரர் டெம்போவோடு வந்தார். நல்ல மனுஷர். டீச்சர் ஸ்டார்ட் பண்ணிக் காட்டியதும், "ஓடுற வண்டியை நான் எடுக்க மாட்டேம்மா, பாவம்" என்று காபி குடித்துவிட்டுப் போனார். விற்பதா வேண்டாமா என்று டீச்சர் இன்னும் முடிவு செய்யவில்லை. அது அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்ள வேண்டியது.

டைனமோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. அதன் பின்பக்கம் மூடியின் நடுவில் ஒரு எண்ணெய்த் துளை இருக்கும். உள்ளே வெண்கல புஷ். சர்வீஸுக்கு ஒருமுறை இரண்டு மூன்று சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள், அதிகம் வேண்டாம், கார்பனில் போய் ஒட்டும். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் உரச ஆரம்பிக்கும், அப்போது நிஜமாகவே டைனமோ போய்விடும்.

கடைசியாக ஒரு உதவி. டீச்சர் வண்டிக் கன்ட்ரோல் பாக்ஸின் மூடி விரிசல் விட்டது என்றேனே, இப்போதைக்கு டேப் சுற்றி வைத்திருக்கிறோம். மழைக்காலத்துக்குள் நல்ல மூடி போட வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு கடையில் கேட்டேன், பாக்ஸோடுதான் தருவோம் என்கிறார்கள். ஹெரால்டு, அம்பாசிடர் எதன் பழைய பாக்ஸாவது யாரிடமாவது சும்மா கிடந்தால், மூடி மட்டும் போதும், உள்பெட்டியில் ஒரு போட்டோ அனுப்புங்கள். திருகுத் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி எடுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.